கள்ளித்தொட்டிக்கு ஒரு ஈய முத்திரை

ஓய்வு பெற்ற தொண்ணூற்று இரண்டாம் நாள் காலையில் லிஃப்ட் இன்ஸ்பெக்டர் ஒரு முடிவுக்கு வந்தார். வருஷக் கடைசிக்குள் அந்த ஜன்னல் தன்னுடையதாகிவிட வேண்டும்.

மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. மொத்தம் மூன்று ஜன்னல்கள். முதலாவதைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். இரண்டாவதைத் திறந்தால் அதே சுவரின் மிச்சம். மூன்றாவது முன்னறையில், தெருவைப் பார்த்தது. வெயில், காற்று, பஸ் ஸ்டாப், யாரோடாவது சண்டை போடும் கண்டக்டர், எல்லாம் அதில்தான் கிடைக்கும். அந்த ஜன்னலுக்கு முன்னால் ஒரு முக்காலி. முக்காலி மேல் ஒரு மண்தொட்டி. தொட்டியில் அவர் மனைவியின் கள்ளிச்செடி.

இன்ஸ்பெக்டரின் நாற்காலி வாசல் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. தலைக்கு மேல் சுவிட்சு போர்டு. காலடியில் செருப்பு அலமாரி. விளக்குப் போட வருகிறவர் அவர் தலைக்கு மேல் கையை நீட்டுவார். செருப்பு எடுக்க வருகிறவர், "கொஞ்சம் காலைத் தூக்குங்க" என்பார். வருகிறவர், போகிறவர் என்று கூட்டமெல்லாம் இல்லை. எல்லாம் மனைவி ஒருத்திதான்.

கள்ளி என்று பெயரே தவிர அதில் முள் கிடையாது. தட்டைத் தட்டையான பச்சை இணுக்குகள், ரயில் பெட்டிகளைக் கோத்த மாதிரி ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு தொட்டியின் விளிம்பைத் தாண்டித் தொங்கும். பதினோரு மாதம் அப்படியே தொங்கும். வருஷக் கடைசியில் மட்டும் ஒவ்வொரு நுனியிலும் அடர்த்தியான ரோஸ் நிறத்தில் ஒரு பூ விடும். ஆக, ஒரு மாத வேலை, பதினோரு மாத ஓய்வு. அதற்கு ஜன்னல். முப்பத்து நான்கு வருஷம் விடாமல் வேலை செய்தவருக்குச் செருப்பு அலமாரி. இதில் எந்த நியாயமும் இன்ஸ்பெக்டரின் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். மனைவி அந்தச் செடியோடு பேசுவதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. வேலைக்குப் போன காலத்தில் இது அவருக்குத் தெரியாது. இப்போது தினமும் காதால் கேட்கவேண்டியிருக்கிறது.

"என்ன கண்ணு, ராத்திரி குளிருச்சா? இந்தப் பக்க இணுக்கு ஏன் வாடிக் கிடக்கு? தாகமா?"

செடிக்கு இத்தனை விசாரிப்பு. அவருக்கு இரண்டே வார்த்தை: "காபி ஆறுது."

அன்று காலை ஆறிய காபியைக் குடித்துவிட்டு அவர் பேச்சுவார்த்தையைத் தொடங்கினார்.

"அந்தச் செடியைக் கொஞ்சம் நகர்த்தினா என்ன?"

"எங்க நகர்த்தறது?"

"இங்கதான். செருப்பு அலமாரி பக்கம்."

"அங்க வெளிச்சமே கிடையாதே. எப்படிங்க இருக்கும்?"

"நான் இருக்கேனே."

"நீங்க பூக்கவா போறீங்க?"

இன்ஸ்பெக்டர் காலி டம்ளரைக் காலடியில் வைத்தார். பிறகு, "அது மட்டும் பூத்துக் கிழிச்சிருமாக்கும்" என்றார்.

"போன வருஷம் அறுபத்தோரு பூ. நீங்க பார்க்கலை."

"இந்த வருஷம் பூக்கலைன்னா?"

மனைவி துடைத்துக்கொண்டிருந்த டம்ளரை வைத்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். "பூக்கலைன்னா ஜன்னல் உங்களுக்கு. நானே தூக்கிட்டு வந்து செருப்பு அலமாரி மேல வைக்கிறேன்."

"பூத்தா?"

"பூத்தா, ஜன்னல்ங்கிற பேச்சையே நீங்க இந்த ஜென்மத்துல எடுக்கக் கூடாது."

இன்ஸ்பெக்டர் உடனே நோட்டை எடுத்தார். ஓய்வு பெற்ற மறுநாளே வாங்கிய நோட்டு அது. வீட்டில் கண்ட குறைகளை எண் போட்டு எழுதி வந்தார். குறை 1, தண்ணீர்க் குழாய் சொட்டுகிறது. குறை 40, சாம்பாரில் உப்பு. குறை 97, கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. அதன் கடைசிப் பக்கத்தில் ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஒன்று, கடையில் வேறு செடி வாங்கி வைக்கக் கூடாது. இரண்டு, தொட்டியை முக்காலியிலிருந்து அகற்றக் கூடாது. மூன்று, இருவரும் செடிக்குக் கெடுதல் செய்யக் கூடாது. மனைவி படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். அவர் வார்த்தைக்கு வார்த்தை இரண்டு முறை படித்துவிட்டுப் போட்டார்.

அதோடு விட்டாரா? அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு குறடு, ஒரு சுருள் கம்பி, ஒரு டப்பா நிறைய ஈயக் குண்டுகளை எடுத்து வந்தார். பரிசோதித்த லிஃப்டில் யாரும் கை வைக்காமலிருக்க முத்திரை போடுவதற்கான சாமான்கள். ஓய்வு பெறும்போது ஞாபகார்த்தமாகக் கொண்டுவந்தவை. தொட்டியின் கழுத்தில் கம்பியைச் சுற்றினார். முக்காலியின் காலோடு பிணைத்தார். முனைகளை ஈயத்துக்குள் நுழைத்துக் குறட்டால் ஒரு நசுக்கு. இலாகாவின் எழுத்து அழகாகப் பதிந்தது.

அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டுத் தையற்காரி, தைத்த தலையணை உறைகளைக் கொடுக்க மேலே வந்தாள். "என்னண்ணே, செடிக்கு விலங்கு மாட்டறீங்க?"

"முத்திரை. இதை உடைக்காம தொட்டியை யாரும் மாத்த முடியாது. இந்தக் கண்ணை ஏமாத்தறவன் இனிமேதான் பிறக்கணும். ஏழு மாடிக் கட்டடத்துக் கதையை உனக்குச் சொல்லியிருக்கேனா?"

சொல்லியிருக்கிறார். ஆனால் அதை ஒத்துக்கொள்ள அவர் யாருக்கும் அவகாசம் தருவதில்லை. ஏழு மாடிக் கட்டடத்தின் சொந்தக்காரன் புது லிஃப்ட் மெஷின் போட்டுவிட்டதாகச் சொன்னான். மெஷினில் புது எண் பொறித்த புதுத் தகடு, எல்லாம் சரி. அவருக்கு முன்னால் போன இரண்டு இன்ஸ்பெக்டர்கள் தகட்டைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அவர் மட்டும் மெஷினைத் தடவிப் பார்த்தார். புதுப் பெயின்டுக்கு அடியில் இருபது வருஷத்துப் பழைய கிரீஸ். பழைய மெஷினில் புதுத் தகட்டைத் திருகி வைத்திருந்தான் பாவி.

"அன்னிக்கு நான் ஒரு வார்த்தை சொன்னேன். தகட்டைப் பார்க்காதே, மெஷினைப் பார். இன்னிக்கும் ஆபீஸ்ல புதுசா வர்ற பசங்களுக்கு அதைத்தான் சொல்லிக் கொடுக்கறாங்க."

கதை பாதியிலிருக்கும்போதே மனைவி வழக்கம்போல் சமையலறைக்குள் போய்விட்டாள். பாத்திரச் சத்தம் கேட்டது. இருபது வருஷமாக இந்தக் கதைக்கு அவள் காது கொடுத்ததே இல்லை என்பது அவருக்கு ஒரு நிரந்தரமான குறை. நோட்டில் எண்கூட உண்டு.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் இரண்டு பஸ் மாறி ஒரு நர்சரிக்குப் போனார். நர்சரிக்காரர் மண்ணும் கையுமாக எழுந்து வந்தார்.

"இந்த மாதிரிக் கள்ளி ஒண்ணு வீட்ல இருக்கு. அதுக்கு எதெல்லாம் செய்யக் கூடாது?"

நர்சரிக்காரர் நெகிழ்ந்துபோனார். "எல்லாரும் என்ன செய்யணும்னுதான் கேப்பாங்க சார். உங்கள மாதிரி அக்கறையா யாரும் கேட்டதில்லை. முக்கியமா வெளிச்சம். இன்னியிலேருந்து ஒரு ஆறு வாரத்துக்கு, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அதுமேல வெளிச்சமே படக் கூடாது. விடியற வரைக்கும் நல்ல இருட்டு வேணும். நடுவுல விளக்குப் போட்டுட்டே இருந்தா மொட்டே வைக்காது."

"மொட்டே வைக்காதா?"

"ஒண்ணுகூட வைக்காது."

"வேற?"

"இப்பக் கிள்ளக் கூடாது. பூவெல்லாம் நுனியிலதான வரும்? இப்பக் கிள்ளினா வர்ற பூவைக் கிள்ளி எறிஞ்ச மாதிரி. பூத்து முடியட்டும். அப்புறமாக் கிள்ளி விட்டீங்கன்னா ஒரு கிளை ரெண்டாப் பிரிஞ்சு அடுத்த வருஷம் புதராப் பூக்கும். கத்தியெல்லாம் வேண்டாம். இணுக்கு சேர்ற இடத்துல விரலால ஒரு திருகு, அவ்வளவுதான்."

இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். செய்யக் கூடாதவை என்று தலைப்புப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'செய்ய வேண்டும்' என்று குறித்துக்கொண்டார். திரும்பும் வழியில் கழுத்து வளையும் மேசை விளக்கு ஒன்று வாங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக முத்திரையைப் பார்த்தார். பத்திரமாக இருந்தது. முக்காலிக்கு அடியில் கொஞ்சம் மண் சிந்தியிருந்தது. நோட்டை எடுத்து, 'குறை 118: ஜன்னலடியில் மண். பெருக்கவில்லை' என்று எழுதினார்.

முதலில் கிளை. காபி குடிக்கும்போது மெல்ல ஆரம்பித்தார்.

"செடி தலை கலைஞ்சு கிடக்கு. நுனியைக் கிள்ளி விட்டா நல்லாயிருக்கும்."

"இப்பவா? இப்பக் கிள்ளலாமா?"

"நர்சரிக்காரர் கிள்ளறதைப் பத்தித்தான் அரை மணி நேரம் பேசினார்."

இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை என்பதில் அவருக்கு உள்ளூரப் பெருமை. மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அலறுவாள், தொட்டிக்குக் குறுக்கே வந்து நிற்பாள் என்றெல்லாம் எதிர்பார்த்து, பதில்களையும் தயார் செய்து வைத்திருந்தார். அவளோ ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"சரி, கிள்ளுங்க. வெடுக்குனு இழுக்கக் கூடாது. இப்படி, இணுக்கைப் பிடிச்சு லேசாத் திருகணும்."

அவர் விரலைப் பிடித்து அவளே காட்டிக் கொடுத்தாள். அந்த விரல்கள் அவர் விரல்களைத் தொட்டு எத்தனை காலமாயிற்று என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். கணக்கு எங்கெங்கோ போனதால் விட்டுவிட்டார்.

ஒரு திருகு, ஒரு 'டக்'. ஒவ்வொரு 'டக்'குக்கும் ஜன்னல் ஒரு அங்குலம் பக்கத்தில் வந்தது. மொத்தம் நாற்பத்து மூன்று நுனிகள். அவள் ஒவ்வொன்றையும் வாங்கித் தட்டில் படுக்கவைத்தாள். ஓய்வு பெற்ற பிறகு இருவரும் இவ்வளவு நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அன்றுதான். அது ஒரு செடியின் தலையை மொட்டையடிக்கும் வேலையாக அமைந்ததுதான் கொடுமை.

"இதையெல்லாம் என்ன பண்ணப் போற?"

"ஒருநாள் வெட்டுக்காயம் ஆறட்டும். அப்புறம் பார்க்கலாம். குப்பையில போட மனசு வரலை."

அடுத்து விளக்கு. அன்று மாலை ஆறு அடித்ததும் இன்ஸ்பெக்டர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டார். மேசை விளக்கின் கழுத்தை வளைத்தார். பேப்பரைப் பிரித்தார். வெளிச்சம் பாதி பேப்பரில், பாதி செடியில்.

"என்னங்க, திடீர்னு படிப்பு?"

"கண் மங்கிருச்சு. நல்ல வெளிச்சம் வேணும்னு டாக்டர் சொன்னார்."

"எந்த டாக்டர்?"

"பொதுவாவே டாக்டர்கள் சொல்றாங்க."

அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு தையற்காரி வீட்டுக்குப் போய்விட்டாள். அன்று முதல் தினமும் போனாள். தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பேசுகிற அளவுக்கு அங்கே என்ன பேச்சு என்று அவருக்குப் புரியவில்லை. பொம்பளைகள் பேசினால் தொண்டை வறளத்தான் செய்யும் என்று விட்டுவிட்டார்.

ஆறு வாரம். படுக்கப் போகும்வரை உட்கார்ந்திருப்பார். போகும்போது விளக்கை 'மறந்து' அணைக்காமல் போவார். அந்த உட்காரல் லேசான காரியம் இல்லை. ஜன்னலருகில்தான் இருந்தார்; ஆனால் அங்கே அவர் உட்கார்ந்ததெல்லாம் இருட்டிய பிறகு. கண்ணாடியில் பஸ் ஸ்டாப் தெரியவில்லை. கண்டக்டர் தெரியவில்லை. மேசை விளக்கும் அதற்குப் பின்னால் ஒரு வழுக்கைத் தலையும்தான் தெரிந்தன. பார்க்கச் சகிக்காமல் அவர் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். ஒரே பேப்பரை மூன்று முறை படித்தார். வரி விளம்பரத்தில் வந்த எல்லா வீடுகளுக்கும் ஜன்னல் இருந்தது.

இன்னொன்றையும் கவனித்தார். மனைவி செடியோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். 'கண்ணு' இல்லை, 'தாகமா' இல்லை. பக்கத்தில் வந்தால் தூசி துடைப்பாள், போய்விடுவாள். நம்பிக்கை விட்டுப்போய்விட்டது, சரி என்று அவர் நினைத்துக்கொண்டார். அந்தப் பேச்செல்லாம் இனி தன் பக்கம் திரும்பும் என்றும் ஓர் ஆசை வைத்தார். திரும்பவில்லை. காபி மட்டும் ஆறிக்கொண்டிருந்தது.

நாலாவது வாரத்தில் ஒரு மாலை அவள் பின்னால் வந்து நின்றாள்.

"மொட்டு ஏதாவது தெரியுதா?"

"ஒண்ணும் காணோம்."

"பாவம்" என்றாள்.

அந்தப் 'பாவம்' அவரை என்னவோ செய்தது. பெரிதாக அழுது ஆர்ப்பாட்டம் பண்ணியிருந்தால் சமாளித்திருப்பார். ஒரே ஒரு வார்த்தை, அதுவும் தாழ்ந்த குரலில். அவர் கை மேசை விளக்கின் சுவிட்சு வரைக்கும் போனது. அணைத்துவிடலாமா? பாவம், அவளுக்கு இருப்பது இந்த ஒரு செடிதானே? அப்போது வாசல் பக்கம் பார்த்தார். சுவிட்சு போர்டும் செருப்பு அலமாரியும் அவருக்காகக் காத்திருந்தன. கையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

வருஷக் கடைசி நெருங்கியது. மொட்டு இல்லை, மொட்டின் அறிகுறியும் இல்லை. தினமும் காலையில் முத்திரையைத் தடவிப் பார்ப்பார். கம்பி சரி, ஈயம் சரி, எழுத்து சரி. 'முத்திரை நலம்' என்று நோட்டில் தேதியோடு எழுதுவார்.

ஓய்வூதிய ஆபீசுக்கு அவர் நேரில் போகவேண்டிய நாள் ஒன்று இருந்தது. இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். மனைவி அதை ஒரு மாதத்துக்கு முன்பே காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தாள். தன்னைப் பற்றிய ஒரு தேதியை அவள் ஞாபகம் வைத்திருக்கிறாள் என்று அவர் மனம் குளிர்ந்தது.

"எப்ப வருவீங்க?" என்று வேறு கேட்டாள்.

"மத்தியானம் ஆயிரும். ஏன்?"

"சும்மாதான். மெதுவா வாங்க."

ஆபீசில் நாலு மணி நேரம் வரிசையில் நின்றார். அவர் முறை வந்ததும் ஒரு பெண் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள், "ஆள் நீங்கதானா?"

"நான்தான்."

"உயிரோட இருக்கீங்கல்ல? இங்க போடுங்க."

போட்டார். திரும்பி வரும் பஸ்ஸில் அவருக்கு ஜன்னல் சீட் கிடைத்தது. அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்.

கதவைத் திறந்தவர் செருப்பைக் கழற்றவில்லை.

ஜன்னலில் செடி பூத்திருந்தது. ஒன்றிரண்டு பூ அல்ல. தொட்டி தெரியாத அளவுக்கு, நுனிக்கு நுனி அதே ரோஸ் நிறம். காலையில் மொட்டையாக இருந்த செடி. அவர் கையாலேயே மொட்டையடித்த செடி.

முக்காலிக்கு முன்னால் மண்டியிட்டார். கம்பியைத் தடவினார். அறுபடவில்லை. ஈயத்தைத் திருப்பினார். அவருடைய நசுக்கு, அவருடைய எழுத்து. தொட்டியின் விளிம்பில் இருந்த பழைய விரிசல்கூட அப்படியே இருந்தது. மறுபடி கம்பியைத் தடவினார்.

"முத்திரை நல்லாத்தான் இருக்குங்க" என்றாள் மனைவி. பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "எழுதிக்குங்க."

அந்த நேரத்தில்தான் வாசலில் தையற்காரி வந்து நின்றாள். ஒரு பழைய பிளாஸ்டிக் தொட்டியை அணைத்துப் பிடித்திருந்தாள். அதில் நுனியெல்லாம் கிள்ளப்பட்ட ஒரு கள்ளிச்செடி, மேசை விளக்கில் ஆறு வாரம் குளித்த களைப்போடு தொங்கியது.

"அக்கா, இதை எங்க வைக்கட்டும்?" என்று கேட்டவள், அவரைப் பார்த்ததும், "அண்ணே சீக்கிரம் வந்துட்டாங்க போல" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் அந்தச் செடியைப் பார்த்தார். ஜன்னல் செடியைப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார். முக்காலிக்கு அடியில் கொஞ்சம் மண் சிந்தியிருந்தது.

குறை 118.

"மண்ணோட பெயர்த்தெடுத்து..." என்றார்.

"ஆமாங்க. நீங்க நர்சரிக்குக் கிளம்பினதுமே எதுக்குன்னு புரிஞ்சுருச்சு, அன்னிக்கே மாத்திட்டேன். தொட்டிக்குத்தானே முத்திரை போட்டீங்க? செடிக்குப் போடலையே. இவ கையில இருக்கிறதைத்தான் அதுக்குப் பதிலா நட்டு வச்சேன், இது நாலு வருஷத்துக்கு முன்னாடி நான் இவளுக்குக் கிள்ளிக் கொடுத்து வளர்ந்தது. இங்க இது உங்க விளக்குல உட்கார்ந்துச்சு. என்னுது இவ வீட்டுத் துணி அறையில ஜம்முனு இருட்டுல இருந்துச்சு. இன்னிக்குத்தான் திரும்ப மாத்தினோம். தூக்கிட்டு வர்றதுல ஏழெட்டு மொட்டு உதிர்ந்துருச்சு, அதுதான் வருத்தம்."

"இது மோசடி."

"எது? கடையில வாங்கினேனா? இல்லை. தொட்டியை நகர்த்தினேனா? இல்லை. செடிக்குக் கெடுதல் பண்ணினேனா?" அவள் மேசை விளக்கைப் பார்த்தாள். பிறகு தையற்காரியின் கையிலிருந்த மொட்டைச் செடியைப் பார்த்தாள். "யார் பண்ணினதுன்னு நோட்டுல இருக்கும், பாருங்க."

இன்ஸ்பெக்டருக்குக் கால் வலித்தது. எழுந்திருக்கத் தோன்றவில்லை. "இந்த யோசனையெல்லாம் உனக்கு யார் சொன்னது?"

"நீங்கதான்."

"நானா?"

"புதுத் தகட்டைப் பழைய மெஷின்ல திருகி வச்சான்னு கல்யாண வீட்ல சொன்னீங்க, காதுகுத்துல சொன்னீங்க, எங்கப்பா செத்த வீட்ல பதினாறாம் நாள் சொன்னீங்க. இருபது வருஷமாக் கேக்கறேன். சமையலறையிலயும் காது கேக்கும்ங்க. தகட்டைப் பார்க்காதே, மெஷினைப் பார்னு ஒருத்தர் சொல்வாரே. அவர் தினமும் காலையில முத்திரையைத் தடவிக்கிட்டே இருந்தார். ஒருநாள்கூட செடியை நிமிர்ந்து பார்க்கலை."

ஒருநாளும் பார்க்கவில்லைதான். அவருக்கு எல்லாச் செடியும் பச்சை.

தையற்காரி மொட்டைச் செடியைக் கதவோரம் வைத்துவிட்டு, "நான் அப்புறம் வர்றேன்க்கா" என்று நழுவினாள். நல்ல பெண். மாடிப்படி வரைக்கும் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனாள்.

"ஒரு ஜன்னலுக்காகவா இவ்வளவும்?" என்றார் இன்ஸ்பெக்டர். அது தான் கேட்கவேண்டிய கேள்வி இல்லை என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது.

"உங்களுக்குத்தான் இது ஜன்னல் விஷயம். எனக்கு அப்படி இல்லைங்க." மனைவி முக்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உதிர்ந்த மொட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். "பதினாலு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு ஆபரேஷன் ஆச்சே, ஞாபகம் இருக்கா? ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில இருந்தேன். நீங்க எத்தனை தடவை வந்தீங்க?"

"வேலை..."

"ரெண்டு தடவை. முதல் தடவை கையெழுத்துப் போட. ரெண்டாவது தடவை கீழயே நின்னுட்டீங்க. ஆஸ்பத்திரி லிஃப்ட்டுக் கதவு சரியா மூடலைன்னு நோட்டுல எழுதிக்கிட்டு இருந்தீங்க. எழுதி முடிக்கறதுக்குள்ள பார்க்கிற நேரம் முடிஞ்சுருச்சு. மாடிப்படிக் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நான் மேலேருந்து பார்த்துட்டேதான் இருந்தேன். பக்கத்துக் கட்டில்ல ஒரு அம்மா. அவங்க ஜன்னல்ல ஒரு கள்ளித்தொட்டி வச்சிருந்தாங்க. வீட்டுக்குப் போகும்போது மூணு இணுக்கைத் திருகிக் கையில கொடுத்துட்டுப் போனாங்க. பேச்சுத் துணைக்கு இருக்கட்டும்னு."

வெளியே பஸ் ஒன்று நின்று புறப்பட்டது. கண்டக்டர் யாரையோ திட்டுவது கேட்டது.

"அந்தக் கதவு ஆபத்தான கதவு" என்றார் இன்ஸ்பெக்டர். பதினாலு வருஷமாக இந்தச் செடி எங்கிருந்து வந்தது என்று ஒருதரம்கூட அவர் கேட்டதில்லை. கடையில் வாங்கியிருப்பாள் என்று நினைத்திருந்தார். நினைத்திருந்தார் என்பதுகூட அதிகம்.

"ஆமா, ஆபத்தான கதவுதான்" என்று ஒத்துக்கொண்டாள் மனைவி. அதில் கேலி எதுவும் இல்லை. அதனால்தான் அது அவருக்கு அதிகம் வலித்தது.

"அப்ப அன்னிக்குச் சாயங்காலம்... பாவம்னு சொன்னியே."

"சொன்னேன். செடியைச் சொல்லலை."

மொட்டுகளை முந்தானையில் போட்டுக்கொண்டு அவள் எழுந்தாள். கதவோரம் இருந்த மொட்டைச் செடியைத் தூக்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். அதன் ஒரு இணுக்கை விரலால் வருடினாள். "ஒண்ணும் இல்லை கண்ணு. வெளிச்சத்துல வச்சாச் சரியாப் போயிரும். அடுத்த வருஷம் ரெண்டு ரெண்டாப் பிரிஞ்சு வருவே." பிறகு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னங்க, உங்க நாற்காலியைக் கொஞ்சம் ஜன்னல்கிட்ட கொண்டாந்து போடுங்க."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். காதில் விழுந்தது சரிதானா என்று ஒரு நிமிஷம் சந்தேகம். என்ன இருந்தாலும் முப்பத்தேழு வருஷம் கூட வாழ்ந்தவள். ஜெயித்த பிறகு விட்டுக்கொடுக்கிற மனசு அவளுக்கு எப்போதுமே உண்டு. நோட்டை எடுத்து நூற்றுச் சொச்சம் குறைகளையும் கிழித்துப் போட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. நாற்காலியைத் தூக்கி வந்து முக்காலிக்குப் பக்கத்தில், வெயில் விழுகிற இடம் பார்த்து, ஒழுங்காகப் போட்டார். தூசியைக்கூடத் தட்டினார்.

"இப்படிப் போட்டாச் சரியா?"

"இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம். ம், போதும்."

மனைவி மொட்டைச் செடியைக் கொண்டுவந்து நாற்காலியில் வைத்தாள்.

ஆக, நாற்காலிக்கு ஜன்னல் கிடைத்துவிட்டது.